கண்ணாடிச் சட்டத்தை முகத்துக்கு ஏற்பத் திருத்துவதற்கு ஒரு சொல்

உதகையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

கண்ணாடிக் கடையில் தொழில் பழகுகிறவர்களுக்கான கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. கடைக்காரர் ‘ஃபிட்டிங்’ என்றால், லென்ஸை அளவுக்குத் தேய்த்துச் சட்டத்தில் ஏற்றும் வேலை. போட்டுக்கொள்கிறவர் ‘ஃபிட்டிங் சரியில்லை’ என்றால், மூக்கில் நழுவுகிறது, காதுக்குப் பின்னால் வலிக்கிறது என்று பொருள். ‘பொருத்துதல்’ என்று எழுதினாலும் இதே குழப்பம்தான். இரண்டாவது வேலைக்கு மட்டும் ஒரு சொல் வேண்டும். என் முன்மொழிவு ‘முகச்சீராக்கம்’. கருத்துச் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து

> என் முன்மொழிவு ‘முகச்சீராக்கம்’.

ஐயா, ‘சீர்’ வேண்டாம் என்பேன். சட்டத்தை, காதில் மாட்டும் இரண்டு கால்களையும் விரித்து, தலைகீழாகக் கண்ணாடிப் பலகைமேல் வைக்கிறோம். இரண்டு வளையங்களின் மேல்விளிம்பும் இரண்டு கால்களும் பலகையைத் தொட்டு, ஆட்டம் இல்லாமல் நிற்க வேண்டும். சீர் என்றால் அதுதான். முகத்தில் ஏற்றியபின் செய்வது அந்தச் சீரைத் தெரிந்தே குலைப்பது. பலருக்கு ஒரு காது மேலே, ஒரு காது கீழே. மூக்குத்தண்டும் நட்டநடுவில் இருப்பதில்லை. பலகையில் நேராக நிற்கும் சட்டம் அப்படிப்பட்ட முகத்தில் கோணலாகத்தான் தெரியும்.

கையேட்டில் வேலையின் வரிசையும் வந்தால் நல்லது. முதலில் மூக்கு, பிறகு லென்ஸ்கள் நிற்கும் முகப்பு, பிறகு கால்கள், கடைசியில் காதுக்குப் பின்னுள்ள வளைவு. மூக்கைச் சரிசெய்யாமல் கால்களைத் தொட்டால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

வலது லென்ஸ் உயர்ந்து நின்றால், வலது காலைக் கீல் அருகே மேல்நோக்கி வளைக்க வேண்டும். புதியவர்கள் கீழே அழுத்துவார்கள், கோணல் கூடும். காதின் உயரம் மாறாது; கால் மேலே போனால் முகப்பு இறங்கித்தான் ஆகவேண்டும். உள்ளும் வெளியும் அப்படியே. வலது லென்ஸ் முகத்தை ஒட்டி நின்றால் வலது காலை உள்ளே வாங்குங்கள், தள்ளி நின்றால் வெளியே விடுங்கள்.

கூடலூரிலிருந்து

வணக்கம். கண் பரிசோதனைப் பக்கத்திலிருந்து ஒரு சொல் தருகிறேன்: படிமானம். ‘தலைமுடி படிமானமா இருக்கு’ என்று சொல்வோமே, அதுதான். அழுத்தாமல், தூக்காமல், தானாக ஒட்டி அமர்வது. ‘படிமானம் பார்த்தாச்சா?’ என்று பட்டறையில் கேட்டால் நாக்கும் புரளும், பொருளும் புரியும்.

இது சொகுசு பற்றிய பேச்சு மட்டும் இல்லை. லென்ஸின் பின்பக்கத்துக்கும் கண்ணுக்கும் இடையே வழக்கமாக 12 முதல் 14 மில்லிமீட்டர் விடுகிறோம். மைனஸ் 8 பவர் லென்ஸ் மூக்கில் 4 மில்லிமீட்டர் முன்னால் நழுவினால், கண்ணுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 7.75 தான். 0.25 பவர் போய்விட்டது. லென்ஸ் சரி, சீட்டு சரி, ஆனாலும் ‘மங்கலா இருக்கு’ என்று திரும்பி வருவார்கள். பிளஸ் லென்ஸில் இது தலைகீழ்: நழுவ நழுவப் பவர் கூடும்.

கீழ்விளிம்பு கன்னத்தை நோக்கிச் சாய்ந்திருப்பதற்கும் ஒரு சொல் தேவை. பெரும்பாலும் 8 முதல் 12 பாகை வைக்கிறோம். ‘கன்னச்சாய்வு’ எப்படி? தூரத்துக்கும் படிப்புக்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் லென்ஸில் இது குறைந்தால் படிக்கும் பகுதி குறுகிப்போகும். கூடினால் சிரிக்கும்போது கன்னம் லென்ஸைத் தொடும்.

கோத்தகிரியிலிருந்து

படிமானம் எனக்கும் பிடித்திருக்கிறது, அம்மா. ‘படிவு’ என்று சுருக்கிவிடாதீர்கள், அதை நிலவியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘படிவம்’ தாலுகா ஆபீசில் இருக்கிறது. கன்னச்சாய்வுக்கு மறுப்பில்லை.

மலைக்கு என்று ஒரு குறிப்பு சேருங்கள். இங்கே பாதிப்பேர் கம்பளிக் குல்லாவோடுதான் இருக்கிறார்கள். குல்லா விளிம்பு காலுக்கும் தலைக்கும் நடுவே வந்தால், கடையில் வெறுந்தலையில் பார்த்த படிமானம் செல்லாது. அன்றாடம் குல்லா போடுகிறவரைப் போட்டுக்கொள்ளச் சொல்லியே பார்க்க வேண்டும். தேயிலைக் கொழுந்துப் பையைத் தலையில் பட்டை கொடுத்து மாட்டுகிறவர்களுக்கும் அந்தப் பட்டை காலின் மேல் விழுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழிக் காலையில் ஷெல் ஃபிரேமை, அதாவது பிளாஸ்டிக் சட்டத்தை, சூடுகாட்டாமல் வளைக்கவே கூடாது. குளிரில் விறைத்து நிற்கும், படக்கென்று போய்விடும்.

குன்னூரிலிருந்து

> சூடுகாட்டாமல் வளைக்கவே கூடாது

சரிதான் ஐயா. ஆனால் சூட்டையும் அளந்து காட்ட வேண்டும். வளைக்கும் இடத்துக்கு மட்டும் காற்றுச்சூடு, திருப்பித் திருப்பி, பொருள் தானாகத் தளரும்வரை. லென்ஸ்மேல் சூடு பட்டால் கூச்சத்தடுப்புப் பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடிக்கும், அதைத் திருத்த வழியே இல்லை. டிஆர் என்கிற நைலான் வகைச் சட்டம் வேறு ரகம்: சூடாக்கி வளைத்து ஆறும்வரை பிடித்திருந்தாலும் பாதி திரும்பிவிடும். வாங்கும்போதே முகத்துக்கு ஏற்றதாக எடுப்பதுதான் வழி. வளையமே இல்லாமல் லென்ஸில் ஓட்டை போட்டுக் கால்களை மாட்டும் ரிம்லெஸ்ஸில், அந்த ஓட்டை அருகே ஒரு குறட்டால் இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால்தான் காலைத் திருப்ப வேண்டும். வெறுங்கையால் திருப்பினால் விசை ஓட்டையில் போய் இறங்கும், லென்ஸ் அங்கிருந்து கீறும்.

மூக்குத்தாங்கிகளை இன்னும் யாரும் பேசவில்லை. தாங்கியின் முழுப்பரப்பும் மூக்கில் பட வேண்டும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். பிறைபோலச் சிவந்திருந்தால் ஓரம் மட்டும் அழுத்துகிறது, கோணத்தைத் திருப்பினால் போதும். பெரிய தாங்கி மாற்றிப் பயனில்லை. தாங்கிகளை நெருக்கினால் சட்டம் ஏறும், விரித்தால் இறங்கும். தாங்கிக் கம்பியில் பச்சை படிந்திருந்தால் அது உலோகத்திலுள்ள செம்பும் வியர்வையும் ஈரமும் சேர்ந்த வேலை. துடைத்துவிட்டுத் தாங்கியை மாற்றிவிடுங்கள்.

நழுவும் கண்ணாடிக்கு எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: இரண்டு கால்களையும் நெற்றிப்பொட்டுப் பக்கம் நெருக்குவது. தலை பின்னால் போகப்போக அகலும். முன்பக்கம் நெருக்கிய கால் அந்தச் சரிவில் வழுக்கி, சட்டத்தை முன்னாலேயே தள்ளும். காதை எட்டும்வரை கால் தலையைத் தொடக்கூடாது. பிடி காதுக்குப் பின்னால்தான்.

உதகையிலிருந்து

‘படிமானம்’, ‘கன்னச்சாய்வு’ இரண்டையும் எடுத்துக்கொண்டேன். பலகையில் வைத்து ஆட்டம் பார்க்கும் முதல் நிலைக்கு ‘பலகைச்சீர்’ என்று வைக்கலாமா? காதுக்குப் பின்னுள்ள வளைவுக்கு ‘காதுமடிப்பு’ என எழுதியிருக்கிறேன்.

குன்னூரிலிருந்து

பலகைச்சீர் சரி. மடிப்பு வேண்டாம் ஐயா. மடிப்பு என்று படித்தால் பையன் மடித்தே விடுவான். அது மெதுவாக இறங்கும் வளைவு, காதின் பின்னுள்ள எலும்புச் சரிவோடு ஒட்டிப்போக வேண்டும். ‘காதுவளைவு’ போடுங்கள். அது தொடங்கும் இடம் காதின் உச்சியைத் தாண்டிய உடனே என்றும் எழுதுங்கள். முன்னால் தொடங்கினால் காதுமடலை வெட்டும், பின்னால் தள்ளித் தொடங்கினால் அந்த இடைவெளி அளவுக்குச் சட்டம் முன்னே வந்துதான் நிற்கும். இடத்தைக் குறிக்க, கண்ணாடியைப் போட்டபடியே காலின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு கழற்றினால் போதும்.