எதிர்வீட்டில் ஏணி கேட்கத் தயங்குவது ஏன்?

கேள்வி: சுவரோரம்

சென்ற மாதம் கூடத்து விளக்கை மாற்ற ஓர் ஏணி தேவைப்பட்டது. எதிர்வீட்டில் ஏணி இருப்பது தெரிந்திருந்தும், அவரைத் தொந்தரவு செய்ய மனம் வராமல், இணையத்தில் ஒன்றை வாங்கிவிட்டேன். ஒரே ஒருமுறை ஏறி இறங்கிய அந்த ஏணி அன்றிலிருந்து சுவரோரம் நிற்கிறது. நுகர்வுப் பண்பாடு மனிதர்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு விளங்காதது, இதில் எது முந்தியது என்பதுதான். உறவுகள் தளர்ந்ததால் எல்லாவற்றையும் விலைக்கு வாங்குகிறோமா, அல்லது எல்லாம் விலைக்குக் கிடைப்பதால் உறவுகள் தளர்ந்தனவா? பேராசை, தன்னலம் என்ற வழக்கமான பதில்களை நான் ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டேன். ஏணியை வாங்கியபோது எனக்குப் பேராசை ஏதும் இருந்ததாகத் தோன்றவில்லை.

பதில் 1: பழைய பேரேடு

நீங்கள் வாங்கியது ஏணியை அல்ல. எதிர்வீட்டாருக்குக் கடன்படாமல் இருக்கும் வசதியை. அக்கம்பக்கம் என்பது பெரும்பாலும் தீர்க்கப்படாத சிறுசிறு கடன்களால் ஆனது. இன்று ஏணி தந்தவர், நாளை ஊருக்குப் போகையில் வீட்டுச் சாவியை உங்களிடம் கொடுப்பார். யார் யாருக்கு எவ்வளவு பட்டிருக்கிறார் என்று எவரும் எழுதி வைப்பதில்லை, கணக்கு ஒருநாளும் நேராவதுமில்லை, அது நேராகாத வரையில்தான் போக்குவரத்தும் இருக்கிறது. பணமோ கணக்கை அந்த நொடியிலேயே முடித்துவிடுகிறது.

எது முந்தியது என்ற கேள்விக்கு, 1998ஆம் ஆண்டில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஓரளவு விடை தருகிறது. பிள்ளையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு, அவற்றுள் ஆறு காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையும் என்று எதிர்பார்த்தால், அது ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூசிய பெற்றோர், அபராதம் வந்தபின் அதைக் கூடுதல் நேரத்துக்கான கட்டணமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். என்னை அதிகம் உறுத்துவது அதன் பிற்பகுதி: சில வாரங்கள் கழித்து அபராதத்தை நீக்கிய பிறகும் தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. விலை புகுந்த இடத்தில், விலையை எடுத்துவிட்டாலும் பழைய கூச்சம் தானாக மீள்வதில்லை.

பதில் 2: வெளியேறியவள்

மேலே எழுதியவர் கடனின் இனிப்பை மட்டும் சொல்லிவிட்டார். கடன்பட்டவர் வாய் திறக்க முடியாது என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். உதவிக்கு உறவினரை அண்டியிருந்த பெண், தான் யாருடன் பேசலாம், எப்போது வீடு திரும்பலாம் என்பதையும் அவர்களே தீர்மானிப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பணம் தனிமனிதரைக் குறிப்பிட்ட ஒருவரைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து விடுவிக்கிறது என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் ஜார்ஜ் சிம்மல் 1900ஆம் ஆண்டிலேயே எழுதினார். அந்த விடுதலை வெறுமையையும் உடன் கொண்டுவரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சம்பளமும் வாடகை அறையும் இல்லாதிருந்தால் நான் இன்னும் அந்த வீட்டில்தான் இருந்திருப்பேன். சமூகம் தொலைந்துவிட்டது என்று வருந்துவோர், அதிலிருந்து வெளியேற வழி உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டால் நல்லது.

பதில் 3: ஏழாம் அலமாரி

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விற்பவரை இருவருமே மறந்துவிட்டீர்கள். பத்து வீட்டார் ஓர் ஏணியைப் பகிர்ந்துகொண்டால் ஒரு விற்பனை, பகிராவிட்டால் பத்து விற்பனை. நமது தயக்கத்தைக் குறைப்பதில் விற்பனையாளருக்கு ஆதாயம் ஏதும் இல்லை.

அதற்காகச் சந்தையும் கூட்டுறவும் ஒன்றாக வாழ முடியாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் பணம் சேர்த்து, கலப்படமற்ற மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் கடையைத் தொடங்கினார்கள். எவ்வளவு முதலீடு செய்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். உபரி, அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பின்னாளில் வாசிப்பறையும் நூலகமும் அதனோடு சேர்ந்தன. அங்கும் பணம் கைமாறியது, கணக்கும் துல்லியமாக எழுதப்பட்டது. ஆயினும் அதை நடத்த அவர்கள் கூடிப் பேச வேண்டியிருந்தது. விரும்பாதவர் விலகவும் முடிந்தது என்பதை இரண்டாம் பதிலாளர் கவனிக்க வேண்டுகிறேன்.

சுவரோரம்

மூவருக்கும் நன்றி. ராச்டேல் பற்றிப் படித்தபின், ஏணியைப் பொதுவில் வைக்கலாம் என்று எங்கள் தளத்தில் உள்ள மற்ற மூன்று வீடுகளிலும் சொல்லிப் பார்த்தேன். மூவரிடமும் ஏற்கெனவே ஏணி இருக்கிறது. எதிர்வீட்டார் தம்முடையதை ஒரேயொரு முறைதான் பயன்படுத்தினாராம்.