புதுப்பிப்பு: தைராய்டு ஊசிச் சோதனையில் 'செல் போதவில்லை' பிரச்சினை

போன மாசம் இங்கே புலம்பியிருந்தேன்: வண்ணாரப்பேட்டைப் பக்கம் நான் டெக்னீஷியனாக இருக்கும் லேபில், தைராய்டு கட்டியில் ஊசி குத்தி எடுத்த செல்லைத் தேய்க்கும் ஸ்லைடுகளில் பல வெறும் ரத்தமாகவே வருகின்றன, பெதஸ்டா முதல் வகை (தைராய்டு செல் சோதனை முடிவுகளைப் பிரிக்கும் முறையில் 'முடிவு சொல்ல முடியாது' என்ற வகை) என்று எழுதித் திருப்பி அனுப்புகிறோம் என்று. சிரிஞ்சில் இழுக்காமல் பாருங்கள் என்று சிலர் சொன்னீர்கள்.

அதைத்தான் முதலில் மாற்றினோம். இப்போது டாக்டர் சிரிஞ்ச் இல்லாமல் 25 கேஜ் என்ற மெல்லிய ஊசியை மட்டும் கையில் பிடித்து, ஸ்கேனைப் பார்த்தபடி முன்னும் பின்னுமாகச் சில நொடி ஆட்டுகிறார். ஊசியின் அடிப்பகுதியில் சிவப்பு எட்டிப்பார்த்ததும் வெளியே. தைராய்டில் ரத்த ஓட்டம் அதிகம். இழுக்க இழுக்க ரத்தம்தான் வரும், செல் அதில் நீர்த்துப்போகும்.

என் பக்கமும் தப்பு இருந்தது. குங்குமம் அப்பின மாதிரி தடியாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு சொட்டு, ஒரே இழுப்பு. பாப் சாயத்துக்கான (செல்லின் உட்கருவைத் தெளிவாகக் காட்டும் சாயம்) ஸ்லைடு காய்வதற்குள் ஆல்கஹாலில் விழுந்தாக வேண்டும்.

பெரிய மாற்றம், ஒரு ஸ்லைடை டொலுயிடின் நீலம் என்ற உடனடிச் சாயத்தில் போட்டு, செல் போதுமா என்று அங்கேயே பார்ப்பது. போதும் என்பதற்கான கணக்கு தெரியும்தானே: குறைந்தது 6 கூட்டம், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 ஃபாலிக்குலர் செல் (தைராய்டின் சொந்த செல்). நேற்று காசிமேட்டிலிருந்து வந்த மீன்காரம்மா, "மறுபடியும் குத்துவியா கண்ணு?" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டார். ஏற்கெனவே ஒருமுறை தண்ணீர் மட்டும் வந்த கட்டி. இந்தத் தடவை ஓரத்துச் சதைப்பகுதியில் ஊசி போட்டார் டாக்டர். எண்ணினேன், எட்டுக் கூட்டம்.

நீர்க்கட்டிகள் இன்னும் படுத்துகின்றன.