மறைந்த தச்சரின் உளிப்பெட்டி, பாதியில் நின்ற நடைவண்டி: எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி

தங்கை வீட்டுக்காரர் தச்சர், 33 வயதில் தவறிவிட்டார். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 9 மாதம். உளிகள், இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் பெட்டியில் இருக்கின்றன; உளிகளில் துரு ஏறத் தொடங்கிவிட்டது. மகனுக்காக அவர் செய்துகொண்டிருந்த தேக்கு நடைவண்டி பாதியில் நிற்கிறது. மரச்சட்டங்களில் அவர் போட்ட பென்சில் கோடுகள் அப்படியே உள்ளன. கருவிகளைச் சாணைக்குக் கொடுத்துப் பளபளப்பாக்கலாமா? வண்டியை வேறு தச்சரிடம் கொடுத்து முடிக்கலாமா?

பதில் எழுதியவர்: உளிச்சத்தம்

சாணைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உளி முனையின் சரிவு அவரே தீட்டித் தீட்டி வைத்தது, பொதுவாக 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும். சாணைக்கல் சூட்டில் முனை நீலம் பாய்ந்தால் இரும்பின் பதமும் போய்விடும்.

துருவுக்குத் தையல் மெஷின் எண்ணெயும் மிக நைசான ஸ்டீல் உல்லும் (இரும்பு நார்ச்சுருள்) போதும். சில சொட்டு விட்டு, அரை மணி ஊறவைத்து, நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். கறுத்த படலம் இருக்கட்டும், செம்பொடிதான் போகவேண்டும். வினிகரில் ஊறப்போடச் சொல்வார்கள். அது நல்ல இரும்பையும் அரித்துச் சாம்பல் நிறமாக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடிக்கும்.

கைப்பிடியில் உப்புத்தாள் படவே கூடாது. வியர்வை ஏறிக் கறுத்த இடம் அவர் பிடித்த இடம். உலர்ந்த துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் ஒரே ஒரு பூச்சு, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

பாலிதீன் பையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் வேர்த்து மறுபடி துருப்பிடிக்கும். எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

பதில் எழுதியவர்: தேக்குச்சட்டம்

வண்டியை முடித்துவிடுங்கள். பையன் பிடித்துக்கொண்டு நிற்கிற வயசு நெருங்குகிறது, காட்சிக்கு வைப்பதில் என்ன இருக்கிறது?

தொடங்குமுன் ஒவ்வொரு சட்டத்தையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவையுங்கள், பக்கத்தில் அளவுகோலை வைத்து. பசை போடாமல் ஒருமுறை முழுசாகக் கோத்துப் பார்க்கவேண்டும். மரம் காய்ந்து சுருங்கியிருந்தால் சட்டத்தின் முனை துளையில் ஆடும்; அதே தேக்கில் மெல்லிய சீவல் வைத்து இறுக்கலாம், துளையைப் பெரிதாக்கக் கூடாது. தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, தின்னரால் துடைக்காமல் ஃபெவிகால் போட்டால் பிடிப்பு குறையும்.

கோடு உள்ள முகத்தை இழைக்கச் சொல்லாதீர்கள், புதுத் தச்சர் பழக்கத்தில் இழைத்துவிடுவார். முன்பே சொல்லி, அந்த இடத்தில் தாள் வைத்து, கோடு மேல் படாமல் ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டுங்கள். முடிவில் டேப்பை எடுத்து, அரக்கு பாலிஷை அங்கே ஒற்றி ஒற்றி விடவும். தேய்த்தால் பென்சில் இழுபடும்.

சக்கரத் துளைக்கும் போல்ட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடாவிட்டால் சக்கரம் இறுகும். இருபுறமும் வாஷர், தானாகக் கழலாத நைலான் நட்டு. வண்டி வேகமாக ஓடினால் நட்டைக் கொஞ்சம் முறுக்குங்கள், பையன் முகங்குப்புற விழமாட்டான்.

பதில் எழுதியவர்: பாலிஷ்காரன்

மேலே சொன்னதில் ஒரு சேர்ப்பு. பையன் கைப்பிடியைக் கடிப்பான். பெயின்ட் என்றால் ஈயம் 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று டப்பாவில் போட்டிருக்கவேண்டும், 2017 நவம்பரிலிருந்து அதுதான் சட்டம். பழைய டப்பா எதையும் தொடாதீர்கள். வண்டி முழுக்க அரக்கு பாலிஷே அடித்தால் அந்தக் கவலையே இல்லை.

இன்னொன்று, அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாரா? அட்டை இருந்தால் குடும்பத்துக்கு இறப்பு உதவி கேட்கலாம். உளிப்பெட்டியிலேயே அட்டை இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள்.