ஐஆர்சி 'சேனல்': அவையா, ஓடையா, அலைவரிசையா?

மொழிபெயர்ப்பவர்:
அனைவருக்கும் வணக்கம். கட்டற்ற மென்பொருள் பயில வருவோருக்கான ஐஆர்சி (பலர் கூடி எழுத்தில் உரையாடும் இணைய முறை) உதவிப்பக்கம் வியாழன் இரவுக்குள் ஏறியாக வேண்டும். அதில் ஒரு குழு கூடிப் பேசும் இடமான 'சேனல்' என்பதற்கு மூன்று பேர் மூன்று சொல் போட்டிருக்கிறோம்: அலைவரிசை, அரட்டை அறை, ஓடை. படிப்பவர் மூன்றும் வெவ்வேறு என்றே நினைப்பார். இடிக்கும் வரி இது: "லிபெரா.சாட் வழங்கியில் 6697-ஆம் துறையில் (போர்ட்) இணைந்து, புனைபெயரைப் பதிவுசெய்து, # குறியோடு சேனலின் பெயரைக் கொடுத்து நுழைக." ஒரு சொல் சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:
> அலைவரிசை
அது வானொலிக்காரர் சொல். இங்கே அலையும் இல்லை, வரிசையும் இல்லை. சேனலின் லத்தீன் மூலமும் கால்வாய்தான். கால்வாய், வாய்க்கால் என்று முன்பின் மாறி நிற்பது இலக்கணப்போலி, முன்றில் போல. 'கால்' என்றால் நீர் செல்லும் வழி. காற்றுக்கும் அதே பெயர் உண்டு, ஆகவே கம்பியில்லா இணைப்புக்கும்... சரி, நிறுத்திக்கொள்கிறேன். என் வாக்கு ஓடைக்கு. 1988-ல் ஃபின்லாந்தில் யார்க்கோ ஓய்க்கரினென் எழுதிய ஐஆர்சியில் வழங்கிக்கு வழங்கி கைமாறித்தான் செய்தி ஓடும். இடையில் தொடர்பு அறுந்தால் பாதிப் பேர் ஒரே நொடியில் வெளியேறியதாகக் காட்டும். ஓடை பிரிந்தது என்றால் விளக்கமே வேண்டாம்.

வகுப்பு நடத்துபவர்:
ஐயா, ஓடையை வலைப்பதிவுக் காலத்திலேயே 'செய்தியோடை'க்கு (ஃபீடு) கொடுத்துவிட்டோம். வினையும் ஒட்ட வேண்டுமே. ஓடையில் நுழைவதா, இறங்குவதா? சேனலை விட்டு 'விலகு' வேறு, வழங்கியை விட்டே 'வெளியேறு' வேறு. நான்கு சேனலில் இருப்பவர் மாற்றித் தட்டினால் நான்கும் போச்சு. 'அரட்டை அறை' அறவே வேண்டாம். வகுப்புக்கு வந்தவர் ஹாய் போடத் தொடங்குவார்.

நிரலர்:
'அவை' என்று வையுங்கள். துர்காபூர் லினக்ஸ் பயனர் குழு 2008 முதல் கோடைப் பயிற்சியை ஐஆர்சியில் நடத்திய முறையைப் பாருங்கள். ஐயம் உள்ளவர் வெறும் '!' மட்டும் தட்டிக் காத்திருப்பார். தன் முறை வந்தபின்தான் கேள்வி. கையுயர்த்திப் பேசும் இடத்துக்கு அவை என்றுதானே பெயர்? நெறியாளர் பேச்சைக் கட்டுப்படுத்தும் 'எம்' முறைமையை இட்டால் அவரும், பேச அனுமதியான 'வி' பெற்றவர்களும் மட்டுமே பேசலாம், மற்றவர் தட்டியது அவைக்குப் போகாது. அவையில் பேச்சுரிமை என்று எழுதினால் போதும்.

இன்னொன்றும் பக்கத்தில் வேண்டும். ஒரு செய்திக்கு 512 பைட்டுதான். அனுப்புநர் பெயர், முகவரி, சேனல் பெயர், வரிமுடிவு எல்லாம் அதற்குள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. 'கொ' என்பது க-வும் கொம்புக்காலும் சேர்ந்து 6. கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 140 குறியீடு. அதற்கு மேல் போனால் வால் வெட்டுப்படும். வெட்டு எழுத்தின் நடுவே விழுந்தால் கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். சில செயலிகள் தாமே உடைத்து அனுப்பும், எல்லாம் அல்ல. நிரலை, நீண்ட உரையை ஒட்டிவைக்கும் பேஸ்ட் தளத்தில் இட்டுத் தொடுப்பை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். இருபது வரியை மொத்தமாகக் கொட்டினால் வெள்ளம் என்று வழங்கி துரத்திவிடும்.

தமிழாசிரியர்:
வெள்ளம் ஓடையில்தானே வரும்? அவையில் எப்படி வரும்? தவிர, 'அவை' சுட்டுப்பெயரோடு மோதும்.

நிரலர்:
எழுவாயில் மட்டுந்தான் மோதும். அங்கும் 'அவை நிரம்பியது', 'அவை நிரம்பின' என்று வினை காட்டிக்கொடுத்துவிடும். வேற்றுமை ஏற்றால் ஒன்று அவையில், மற்றது அவற்றில்.

வகுப்பு நடத்துபவர்:
சேனல் என்றே விட்டால் என்ன? பிழைச்செய்தி ஆங்கிலத்தில்தான் வருகிறது. 'அவை' என்று படித்துவிட்டு வந்தவர் அதைப் பார்த்து விழிப்பார்.

மொழிபெயர்ப்பவர்:
புதன் ஆகிவிட்டது. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் அவை பக்கம்தான் கூடுதல், ஆனால் யாரும் உற்சாகமாகச் சொல்லவில்லை. முதல் இடத்தில் மட்டும் 'அவை, அதாவது சேனல்', பிறகெல்லாம் அவை. பக்கம் ஏற்றியாயிற்று.

தமிழாசிரியர்:
பார்த்தேன். பிழைதிருத்தி தன் வேலையைக் காட்டியிருக்கிறது. "ஒருவர் ஒரே நேரத்தில் பல அவற்றில் இருக்கலாம்" என்று நிற்கிறது. வகுப்பில் நாம் அடித்துத் திருத்தும் 'அவைகளில்' இங்கே சரி, திரும்பப் போடுங்கள். ஓடைகளில் என்றிருந்தால் அது தொட்டே இருக்காது.