இலைத்துளை எல்லாமே மூடி இருக்கிறது, கைத்தோலில் உட்கருவே இல்லை: ஸ்லைடில் எங்கே தப்பு?

இலைநுனி (கேள்வி)
தாவர, விலங்குப் புறத்தோலை ஒப்பிட மூன்று ஸ்லைடு போட்டேன். மூன்றிலும் சிக்கல்.
வெங்காய உரி: சுருண்டுகொள்கிறது, பார்வைப் புலம் முழுக்கக் கருப்பு விளிம்புள்ள வட்டங்கள்.
ரியோ (இலையின் அடிப்புறம் ஊதாவான அலங்காரச் செடி) இலையின் அடிப்புற உரி: காலையில் பறித்து, கவரில் வைத்து, மதியம் உரித்தேன். சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு, பிறகு கிளிசரின். இலைத்துளை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.
கைத்தோல்: புறங்கையில் செல்லோ டேப் ஒட்டி எடுத்து மெத்திலின் நீலம் விட்டேன். செல் ஓரங்கள் மங்கலாகத் தெரிகின்றன, 40 மடங்கு லென்ஸிலும் உட்கரு இல்லை. சாயம் பழசாகிவிட்டதா?

கூர்ஊசி
அந்த வட்டங்கள் காற்றுக்குமிழி. கச்சிதமான வட்டமும் தடித்த கருப்பு விளிம்பும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது செல் இல்லை. வெங்காயச் செல்கள் நீள்சதுரமாக, செங்கல் அடுக்கியதுபோல் இருக்கும்.
சதைப்பற்றான செதிலின் உட்குழிந்த பக்கத்து உரிதான் வேண்டும். செதிலை வெளிப்புறமாக ஒடித்தால் உட்பக்கச் சவ்வு அறாமல் தொங்கும். அதை இடுக்கியால் மெதுவாக இழுங்கள். இழுத்த கையோடு வாட்ச் கிளாஸ் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். சில நொடி காற்றில் நின்றாலே சுருளும். தண்ணீருக்குள் வைத்தே 5 மி.மீ. துண்டாக வெட்டி, தூரிகையால் ஸ்லைடுக்கு மாற்றுங்கள். இடுக்கியில் தூக்கினால் மறுபடி மடியும்.
உரியின் ஒரு முகம் கியூட்டிகிள் என்ற மெழுகுப் படலம் படிந்தது, நீர் ஒட்டாது. குமிழி அந்தப் பக்கத்தில்தான் சிக்கும். அதனால் ஸ்லைடில் முதலில் நீர்ச்சொட்டு, அதன்மேல் உரி, உரிமேல் இன்னொரு சொட்டு. கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தைச் சொட்டில் தொட வைத்து, மறு ஓரத்தை ஊசியில் தாங்கிச் சாய்வாக இறக்குங்கள். சஃப்ரனின் அடர்ந்துபோனால் 50% ஆல்கஹாலில் அலசினால் வெளுக்கும்.

செல்தேடி
ரியோவுக்குச் சாயமே தேவையில்லை. புறத்தோல் செல்கள் ஆந்தோசயனின் என்ற நிறமியால் ஊதா, துளையின் இருபுறமும் இருக்கும் காப்புச் செல்கள் பசுங்கணிகத்தால் பச்சை. இயற்கையே நிறம் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் முறையில் துளை மூட மூன்று காரணம் இருக்கின்றன: கவருக்குள் இருட்டு, வாடல், கிளிசரின். கடைசியதை யாரும் சந்தேகப்படுவதில்லை. காப்புச் செல் நீர் நிறைந்து விறைத்தால்தான் வளைந்து துளை திறக்கும். கிளிசரின் அந்த நீரை வெளியே இழுத்துவிடும்.
உறுதி செய்ய, பக்கத்து ஊதாச் செல்களைப் பாருங்கள். ஊதா செல்சுவரை விட்டு விலகி நடுவில் திரண்டிருந்தால் அது பிளாஸ்மோலைசிஸ், அதாவது நீரை இழந்து செல்லின் உள்ளடக்கம் சுருங்குவது.
அடுத்த முறை: இலையை நீருள்ள தட்டில் வைத்து நல்ல வெளிச்சத்தில் 2 மணி நேரம் விடுங்கள். பிறகு சாய்வாகக் கிழித்தால் கிழிந்த ஓரத்தில் ஊதா நிற மெல்லிய சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும். அதை மட்டும் வெட்டி, வெறும் நீரில் ஏற்றி, உடனே பாருங்கள். பச்சைத் திட்டாகத் தெரிந்தால் இலை நடுத்திசுவும் சேர்ந்து வந்துவிட்டது. உரியின் ஓரத்துக்கு நகர்த்துங்கள்.

இலைநுனி
ஊதா நடுவில் திரண்டுதான் இருக்கிறது! இந்த ஸ்லைடையே மீட்க முடியுமா?

செல்தேடி
முடியாது. சஃப்ரனின் பட்ட செல்கள் செத்திருக்கும். சாயமில்லாத உரி என்றால், ஒரு பக்கம் நீர் விட்டு மறுபக்கம் வடிதாளால் உறிஞ்சினால் ஊதா மெல்ல விரிந்து சுவரைத் தொடும்.

கூர்ஊசி
துளைகளை எண்ணுவது மட்டும் நோக்கம் என்றால் உரிக்கவே வேண்டாம். செடியிலேயே இலையின் அடியில் நிறமற்ற நெயில் பாலிஷை மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காய்ந்ததும் டேப்பால் பெயர்த்து, நீரில்லாமல் ஸ்லைடில் ஒட்டுங்கள். பூச்சு தடித்தால் படம் கலங்கும். ரோம இலையில் ஓட்டை விழும். அது அச்சு மட்டுமே, உட்கருவோ பசுங்கணிகமோ அதில் தேடாதீர்கள்.

தோலடுக்கு
கைத்தோலுக்கு வருகிறேன். சாயத்தைக் குறை சொல்லாதீர்கள், நீங்கள் பார்த்தது சரியான காட்சிதான். டேப்பில் ஒட்டி வருவது தோலின் மேற்பரப்பு, அதாவது கெரட்டின் என்ற கடினப் புரதம் நிறைந்த இறந்த செல்கள். அடியில் பிறந்து மேலே தள்ளப்படும் வழியிலேயே உட்கருவை இழந்துவிடும். உட்கரு தெரிந்தால்தான் ஆச்சரியம்.
உட்கரு வேண்டுமென்றால் கன்னத்தின் உட்புறம். அதுவும் தோலைப்போல் அடுக்குத் தட்டை எபிதீலியம்தான் (மேற்பரப்பை மூடும் திசு), ஆனால் எப்போதும் ஈரமான இடம், கெரட்டின் ஏறாது. வாயைக் கொப்பளித்துவிட்டுச் சுத்தமான பஞ்சுக்குச்சியால் மெதுவாக உரசி, 0.9% உப்புநீர்ச் சொட்டில் பரப்புங்கள். அது உலர்ந்ததும் மெத்திலின் நீலம் ஒரு சொட்டு, 1-2 நிமிடம், பின் மிகுதியை வடிதாளால் எடுங்கள். ஒழுங்கற்ற தட்டைச் செல், நடுவில் கருநீல உட்கரு. மேலே சிதறிக் கிடக்கும் மிகச் சிறு நீலப்புள்ளிகள் வாய்ப் பாக்டீரியா. செல் உறுப்பு என்று குறித்துவிடாதீர்கள். குச்சியைக் கிருமிநாசினியில் போடுங்கள்.

இலைநுனி
அப்படியென்றால் கைத்தோலுக்கு ஜோடியாகத் தாவரத்தில் எதை வைப்பது? வெங்காய உரி உயிருள்ள செல் ஆயிற்றே.

தோலடுக்கு
தக்கை. தண்டு பருக்கும்போது புறத்தோல் தாங்காமல் கிழியும். உள்ளே தக்கை வளர்திசு உண்டாக்கும் செல்கள், நீர் புகவிடாத சூபரின் என்ற மெழுகுபோன்ற பொருள் படிந்து இறந்து கவசமாகின்றன. அங்கே காற்றுப் போக்குவரத்து பட்டைத்துளை வழியாக. முதிர்ந்த குச்சியைக் குறுக்காக, பிளேடில் முடிந்தவரை மெல்லிசாகச் சீவுங்கள். தக்கைச் செல்லுக்குள் காற்று இருப்பதால் முதலில் கன்னங்கரேலென்று தெரியும். ஆல்கஹாலில் ஊறவைத்தால் காற்று வெளியேறும். சூடான் III சாயத்தில் வைத்து, 50% ஆல்கஹாலில் ஒரு முறை அலசி ஏற்றினால் சூபரின் சுவர் ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரியும். ஆல்கஹாலில் அதிகம் விட்டால் சாயமும் சேர்ந்து போய்விடும்.