மாற்று முகப்பு விளக்குகள்: வாங்குவதும் பொருத்துவதும்

கேள்வி:
என் காரின் முகப்பு விளக்குகள் மஞ்சளித்துவிட்டதால் இரவில் சாலை மங்கலாகத் தெரிகிறது. அசல் விளக்குத் தொகுதியின் (மூடி, பிரதிபலிப்பான் எல்லாம் சேர்ந்த முழு அமைப்பின்) விலை அதிகம் என்பதால், வேறு தயாரிப்பாளரின் தொகுதியை வாங்கி நானே பொருத்த எண்ணுகிறேன். பல்பையும் எல்.ஈ.டி.க்கு மாற்றலாமா?

மறுமொழி 1:
புற ஊதாக் கதிரால் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மூடியின் மேற்பூச்சு மட்டும் சிதைந்திருந்தால், மெருகேற்றிப் புதிய பாதுகாப்புப் பூச்சு இடுவதே போதும். உள்ளே பிரதிபலிப்பான் மங்கியிருந்தால்தான் மாற்ற வேண்டும். சாலையின் இடப்புறம் ஓட்டும் நாடுகளுக்கும் வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்கும் உரிய விளக்குகள் வெவ்வேறானவை என்பதால், இணையத்தில் வாங்குவோர் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

மறுமொழி 2:
எல்.ஈ.டி. வேண்டாம் என்பேன். ஹாலஜன் பல்பில் (சூடேறி ஒளிரும் இழை கொண்ட பல்பு) இழை அமைந்திருக்கும் இடத்தைக் கணக்கிட்டே பிரதிபலிப்பான் வடிவமைக்கப்படுகிறது. ஒளி பிறக்கும் இடம் சற்றே விலகினாலும் கற்றை சிதறி, எதிரே வருபவரின் கண்களைக் கூசச் செய்யும். அதிக வெளிச்சம் என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் மிகையாகச் சூடேறி, பல்பின் ஆயுள் குறையும்.

மறுமொழி 3:
பல கார்களில் முன்பம்பரைக் கழற்றாமல் தொகுதி வெளியே வராது. பொருத்தியபின், சமதளத்தில் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி, தாழ்ஒளியின் (லோ பீம்) மேல்விளிம்பைக் கையேட்டில் உள்ள அளவுக்குத் திருகாணியால் சரிசெய்யுங்கள்.