பிரின்ஸ் ஒஃப் பெர்சியா: திருகோணமலைக்காரர்களே, உங்களை இன்னும் விடாத இடம் எது?

உவர்மலை

இளவரசியைக் காப்பாற்ற ஓர் இளவரசன் ஓடும் அந்த 1989 கணினி விளையாட்டின் பன்னிரண்டாவது கட்டம், நிழல் மனிதன். விளையாடியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

டொக்யார்ட் வீதிப் பக்கம் அப்போது ஒரு கணினி வகுப்பு இருந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் அங்கேதான் தட்டச்சுப் பழகினோம். வகுப்பு முடிந்து சேர் கதவைப் பூட்டும் வரைக்கும் இளவரசன்தான். சேமித்து வைத்த இடத்திலிருந்து தொடங்கி அந்த நிழலிடம் வந்து நிற்பேன். அதை வெட்டினால் என் உயிரைக் காட்டும் சிவப்பு முக்கோணமும் ஒன்று குறைகிறது. அதைக் கொன்றால் நானும் செத்து விழுகிறேன். பக்கத்துக் கதிரைப் பிள்ளைகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், எல்லாம் வெட்டச் சொல்லும் யோசனை.

தங்கையைக் கூட்டிப்போக வந்த ஒருவர் கதவோரம் ஈரக் குடையோடு நின்றார். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "வாளை உறையில் போடுங்கள் தங்கச்சி, அது நீங்கள்தான்" என்றார். கீழ்நோக்கிய அம்பு விசையை அழுத்தினேன். இளவரசன் வாளை உள்ளே செருகினான். எதிரே நிழலும் செருகியது. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடினார்கள், ஒரே உடலானார்கள். அதன்பிறகு வெறும் பள்ளத்தின் மேல் ஓடினால், ஓட ஓடக் காலடியில் கல் முளைக்கிறது.

நான் திரும்பிப் பார்த்தபோது அவர் தங்கையோடு படியிறங்கிப் போய்விட்டார். எந்த ஊர், எங்கே விளையாடினார், கேட்பதற்கு ஒருவருமில்லாத அந்த நாட்களில் இதை எப்படிக் கண்டுபிடித்தார், ஒன்றும் தெரியாது. அவருக்கு ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை.

இந்தத் தொடரில் பிறகு வந்தவற்றையும் விடாமல் விளையாடி வருகிறேன். வாளை உள்ளே போடு என்று சொல்லும் அந்த இடம் மற்ற எதிலாவது திரும்ப வந்ததா? உங்களுக்கு எது நிற்கிறது என்றும் எழுதுங்கள்.

கிண்ணியாத் துறையடி

எனக்குக் குப்பி அறை. முதற் கட்டம் முடிந்ததும் எழுத்துப் போட்ட குப்பிகள் வரிசையாக இருக்குமே, அதுதான். கையேட்டின் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல், அதன் முதல் எழுத்துள்ள குப்பியைக் குடி என்று கேட்கும். சரியானதைக் குடித்தால்தான் வழி திறக்கும். கள்ளப் பிரதியைத் தடுக்கச் செய்த வேலை. நம் ஊருக்கு வந்ததெல்லாம் பிளொப்பியில் ஏற்றிய பிரதிகள், கையேட்டைக் கண்ணால் கண்டவர் யார்?

கிண்ணியாப் பாலம் 2009 இல் வந்தது. அதற்கு முன் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் திருகோணமலைக்கு வகுப்புக்கு வருவோம். ஒருநாள் பாதையில் என் பக்கத்தில் நின்ற பையன் கணக்குக் கொப்பியைத் திறந்தான். கடைசித் தாளில் பக்கம், வரி, சொல், எழுத்து என்று நிரல் நிரலாக எழுதியிருந்தான். குத்துமதிப்பாகக் குடித்து, சரியாக வாய்த்ததை மட்டும் குறித்து, அந்தக் கையேட்டில் கேள்விக்கு வேண்டிய பகுதியைத் தானே திரும்ப உண்டாக்கிவிட்டான். உப்புத்தண்ணீர் தெறித்து ஒரு நிரலில் மை கலங்கியிருந்தது. "பார்த்தெழுதுங்கள்" என்று கொப்பியை நீட்டினான். பாதை கரை தட்டுவதற்குள் பாதிதான் எழுத முடிந்தது. மீதியை நாளைக்கு என்றான்.

அவன் மூதூர்ப் பையன். அடுத்த நாள் நான் அவனைக் காணவில்லை, அதற்குப் பிறகும் காணவில்லை. 2006 இல் மூதூர்ச் சனம் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்தபோது பள்ளிக்கூட வாசலில் முகம் முகமாகப் பார்த்தேன். அப்போது அவன் வளர்ந்த ஆளாக இருந்திருப்பான். எனக்குத் தெரிந்ததோ அந்தச் சின்ன முகம்தான்.

பழைய கோட்டை

உவர்மலைத் தங்கச்சியின் கேள்விக்கு என் பதில்: வரவில்லை, வரவும் முடியாது. 1989 ஆம் ஆண்டோடு அந்தத் தொடர் முடிந்துவிட்டது. பிறகு வந்தவை அதே பெயரில் வந்த வேறு சாமான்கள்.

என் அனுபவம் சிறியது. ஆறாவது கட்டத்தில் நான் தாவும் நேரம் பார்த்து நிழல் வந்து மிதிகல்லை மிதித்து இரும்புக் கதவை முகத்துக்கு நேரே இறக்கியது. நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

"அது நீங்கள்தான்" என்று அந்த மனிதர் சொன்னது எவ்வளவு சரி என்று பாருங்கள். ஜோர்டன் மெக்னர் இதை ஆப்பிள் டூ கணினிக்கு எழுதினார். இளவரசனின் ஓட்டமும் தாவலும் அவருடைய தம்பி டேவிடினுடையவை. 1985 இல் தம்பிக்கு வெள்ளை உடுப்புப் போட்டு ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதைப் படம் படமாகப் பார்த்து வரைந்தார். வாட்போருக்கு 1938 இல் வந்த ராபின் ஹூட் படத்தின் சண்டைக் காட்சி. இசை அவருடைய தந்தையார். அந்த ஓட்டத்தின் படங்களே கணினியின் நினைவகத்தை நிரப்பிவிட்டன. எதிரி ஒருவனைப் புதிதாக வரைய இடமில்லை. அதனால் இளவரசனின் அதே படங்களைச் சற்று மாற்றிக் காட்டி ஒருவனை உண்டாக்கினார். அவன்தான் நிழல். இடமில்லாமல் போனதால் பிறந்தவன். இப்போதைய விளையாட்டுகளுக்கு இடம் நிறைய இருக்கிறது, அந்தப் புத்தி வரக் காரணம் இல்லை.

இளம் பிள்ளைகள் யாராவது பழையதை விளையாட நினைத்தால் கேளுங்கள். பழைய விளையாட்டுகளை ஓட்டும் டொஸ்பொக்ஸ் மென்பொருளைப் போட்டால் எந்தக் கணினியிலும் ஓடும். தரையிலிருந்து எழும் முட்களின் மேல் ஓடாதீர்கள். ஷிப்டை அழுத்தி அடியடியாக நடந்தால் ஒன்றும் செய்யாது. விழும்போதும் ஷிப்டை அழுத்தினால்தான் விளிம்பைப் பிடிப்பான். ஒரு மாடி உயரம் விழுந்தால் காயமில்லை, இரண்டு மாடி என்றால் ஓர் உயிர் போகும், மூன்று மாடி என்றால் முடிந்தது. மீதி நேரம் பார்க்க ஸ்பேஸ். மூன்றாவது கட்டத்திலிருந்து கொன்ட்ரோலும் ஜியும் சேர்த்து அழுத்திச் சேமிக்கலாம். ஆனால் நேரத்தை வீணாக்கிவிட்டுச் சேமித்தால் அந்த வீணான நேரமும் சேர்ந்தே சேமிக்கப்படும். மொத்தம் 60 நிமிடம்தான். ஷிப்டும் எல்லும் அழுத்திக் கட்டம் தாண்டும் குறுக்குவழிக்குப் போகாதீர்கள், கையில் பதினைந்து நிமிடம்தான் விட்டுவைக்கும். மெக்னர் தொலைத்துவிட்டதாக நினைத்த மூல நிரலை அவருடைய தந்தையார் பழைய பெட்டியொன்றில் கண்டெடுத்துக் கொடுத்து, 2012 இல் அது எல்லாருக்கும் பொதுவில் வைக்கப்பட்டது. நிரல் படிக்கும் பிள்ளைகள் அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

நேரம் கையைவிட்டுப் போகும் என்பதுதான் அந்த விளையாட்டு. 2003 இல் வந்த பாகத்தில் ஒரு குத்துவாளைக் கையில் கொடுத்து, நேரத்தைத் திருப்பிக்கொள் என்றார்கள். அதோடு எல்லாம் போயிற்று.

நிலாவெளி வடக்கு

கோட்டை அண்ணா, நீங்கள் போயிற்று என்று சொல்லும் அந்தக் குத்துவாளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

2005 ஆம் ஆண்டு. நாங்கள் நிலாவெளியை விட்டு நகரில் சித்தப்பா வீட்டில் இருந்தோம். ஏன் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அங்கே அண்ணாவின் கணினியில் அந்தக் குத்துவாள் வரும் 'சாண்ட்ஸ் ஒஃப் டைம்' இருந்தது. அதில் இளவரசன் தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு போகிறான். நாம் விழுந்து செத்தால், "இல்லை, இல்லை, அப்படி நடக்கவில்லை" என்று கதையைத் திருத்துகிறான். சாகுமுன் விசையை அழுத்தினால் மணல் எழும்பி எல்லாம் பின்னோக்கி ஓடும். உடைந்த மேடை ஒட்டிக்கொள்ளும், விழுந்தவன் மேலே ஏறிவந்து விளிம்பில் நிற்பான்.

பெரியம்மா எங்களோடு இருந்தார். யாருடனும் அதிகம் கதைப்பதில்லை. ஒரு மத்தியானம் தேநீர் கொண்டுவந்து வைத்தவர் போகாமல் பின்னால் நின்றுகொண்டார். நான் ஒரு தாவலில் தவறி விழுந்து, மணலைச் சுழற்றி மேலே வந்தேன். "அதை இன்னொருதரம் செய்" என்றார். வேண்டுமென்றே விழுந்து, திரும்ப எடுத்துக் காட்டினேன். "இன்னும் பின்னுக்குப் போகுமா?" என்று கேட்டார். இவ்வளவுதான் போகும் பெரியம்மா என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். நான் அதைக் குடித்திருக்கவில்லை.

அதன் முடிவில், இளவரசன் இவ்வளவு நேரமும் தன்னோடு கூட வந்த பாரா என்ற இளவரசிக்குத்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தான் என்று தெரியவரும். நடந்த எல்லாவற்றையும் அவன் அழித்துவிட்டதால் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. அவனுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது. நேரத்தைத் திருப்பியவனுக்குச் சும்மா ஒன்றும் கிடைக்கவில்லை அண்ணா. இதை வேறு சாமான் என்று ஒதுக்க என்னால் முடியாது.

தம்பலகாமம்

நானும் கோட்டை அண்ணாவோடு ஒத்துப்போகவில்லை. கடிகாரம்தான் விளையாட்டு என்றால், 1993 இல் மெக்னரே இரண்டாம் பாகத்துக்கு 75 நிமிடம் கொடுத்தாரே, அது எந்தக் கணக்கில் சேரும்? தொடர் முடியவில்லை, கிளைவிட்டது. 2007 இன் 'அசாசின்ஸ் கிரீட்' கூட இளவரசனின் அடுத்த விளையாட்டாகத் தொடங்கித்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கும் 'சாண்ட்ஸ் ஒஃப் டைம்' விளையாட்டுக்கும் படைப்பு இயக்குநர் ஒருவரே. கோட்டைச் சுவரில் கை வைத்து ஏறும் அந்த உடம்பு அங்கும் அதே உடம்புதான்.

எனக்கு நிற்பது 2008 இல் வந்தது. பலருக்குப் பிடிக்காதது. எலிகா என்ற பெண் கூடவே வருவாள். எங்கே விழுந்தாலும் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள், சாவே கிடையாது. என்ன விளையாட்டு இது என்று என் மச்சான்மார் பாதியில் விட்டுவிட்டார்கள். நான் இரவில் ஒலியைக் குறைத்துவைத்து முடித்தேன்.

முடிவில் அரிமான் என்ற இருள் தெய்வத்தைத் திரும்பப் பூட்ட எலிகா தன் உயிரைக் கொடுக்கிறாள். பெயர்கள் ஓடுகின்றன. ஆனால் கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பீடத்தில் கிடத்திவிட்டு, மரங்களை ஒவ்வொன்றாக வெட்டவேண்டும். வெட்டினால் அவள் எழும்புவாள், அரிமானும் வெளியே வருவான். அவ்வளவு நேரம் செய்த வேலையெல்லாம் வீண். கணினியை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான் எல்லா மரத்தையும் வெட்டினேன். கண் திறந்ததும் அவள் கேட்பது ஏன் என்றுதான். உவர்மலை அக்கா கேட்ட இடம் இதற்குக் கிட்ட வருகிறது என்று நினைக்கிறேன். அங்கே வாளை உள்ளே போடவேண்டும். இங்கே போட்டிருக்கவேண்டிய வாளைப் போட மனம் வரவில்லை.

பழைய கோட்டை

நிலாவெளித் தம்பி, உங்கள் பெரியம்மா கேட்டதற்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. அதை அப்படியே விடுகிறேன்.

தம்பலகாமத்துத் தங்கச்சிக்கு: 75 நிமிடமும் கடிகாரம்தான். நீங்கள் என் கட்சிக்குத்தான் ஆதாரம் தந்திருக்கிறீர்கள். கையைப் பிடித்துத் தூக்க ஒருத்தி எப்போதும் இருக்கிறாள் என்றால் பள்ளத்தைப் பார்த்து ஏன் பயப்படவேண்டும்? பயமில்லாத தாவலில் எனக்கு ஒன்றுமில்லை.

அன்புவழிபுரம்

உவர்மலை அக்காவின் கேள்விக்கு இன்னும் ஒருவரும் ஆம் என்று பதில் சொல்லவில்லை. நிழல் திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் வந்த 'த லொஸ்ட் கிரவுன்' விளையாட்டில்.

அதில் வீரன் சார்கோன். காஃப் மலையில் சீமுர்க் பறவையின் இறகுகளால் அவனுக்கு ஒவ்வொரு ஆற்றலாகக் கிடைக்கிறது. அவற்றில் ஒன்று, நின்ற இடத்தில் தன் நிழலை விட்டுவிட்டுப் போவது. எங்கிருந்தாலும் ஒரு விசையில் அந்த நிழலுக்கே திரும்பிவிடலாம். முள் நிறைந்த ஒரு வழியில் அந்தரத்தில் தாவியபடியே நிழலை விட்டேன். கீழே இறங்கி அடுத்த கதவைத் திறந்தேன். கதவு மூடத் தொடங்கியதும் திரும்ப அந்தரத்துக்கே போனேன். காற்றில் விட்ட உடம்பு நான் விட்ட அதே நிலையில் இருந்தது, கால் மடங்கி, கை நீண்டு. அந்தத் தாவல் அங்கிருந்தே தொடர்ந்தது. விளையாடியவர்களுக்கு அந்த நொடியில் கை என்ன செய்யும் என்று தெரியும்.

நான் அதைப் பாரசீகக் குரலில் விளையாடினேன், அந்த வசதி அதில் உண்டு. அப்பா 1989 இன் ஆள். பின்னால் நின்று பார்த்தவர், "நிழலோடு சண்டை இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. நிழல் திரையில் வரும் ஒவ்வொரு முறையும் எதையோ எதிர்பார்த்தபடியே நின்றார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஒரு விளையாட்டு ஒரு மனிதரை அப்படி நிறுத்திவைத்திருக்கிறது. கோட்டை அண்ணா சொல்வது போல 1989 ஓடு அது முடிந்திருந்தால் அப்பா ஏன் அங்கே நின்றார்?

அதைச் செய்த, பிரான்சின் மொன்பெலியே நகரக் குழுவினரைப் பிறகு வேறு வேலைகளுக்குப் பிரித்துவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சிவன் கோயிலடி

எட்டாவது கட்டத்து எலியை ஒருவரும் சொல்லவில்லையே! கதவு மூடிவிடும், வெளியே வர வழி இருக்காது. கடிகாரம் ஓடுகிறது. நான் திரும்பத் தொடங்கக் கையை நீட்டினேன். என் அண்ணா என் மணிக்கட்டைப் பிடித்து, "பொறு" என்றார். அவரும் அதற்கு முன் அந்தக் கட்டத்தைக் கண்டதில்லை. வெள்ளை எலி வந்தது, இளவரசி அனுப்பியது, மிதிகல்லில் ஏறியது, கதவு திறந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியாது என்றார். இப்போதும் தொலைபேசியில் கேட்டால் அதே பதில்தான்.

கோட்டை அண்ணாவின் குறிப்பில் இது விடுபட்டிருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த இடத்தில் கொன்ட்ரோலும் ஏயும் அழுத்தினால் கட்டம் முதலிலிருந்து தொடங்கும், எலியைப் பார்க்கமாட்டீர்கள்.